'வரிசையில் நின்று வரக்கூடாதா?' – படகில் வந்தவர்களைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு

தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார். படகில் வந்து தஞ்சம் கேட்பது சட்டவிரோதம்தானே, வரிசையில் நின்று வந்தால் என்ன என்பது முதல் கேள்வி. அவுஸ்திரேலியா படகுகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகு கடலில் சாவு நின்றுவிட்டதே, அதுதானே உண்மையான மனிதாபிமானம் என்பது இரண்டாவது. தன்னிடம் படித்த ஒரு பையன், இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன், ஒரு ஏஜென்டின் பேச்சைக் கேட்டுப் படகேற யோசிக்கிறான், அவனுக்கு என்ன சொல்வது என்பது மூன்றாவது.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போக வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் அப்படி ஒரு வரியில் பதில் இல்லை. பல ஆண்டுகள் மெல்பேர்னில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக விசா நேர்காணல்களில் உட்கார்ந்திருந்தவன் நான். இரு பக்கமும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன்.

'சட்டவிரோதம்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். அவுஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தின்படி விசா இல்லாமல் நாட்டுக்குள் இருப்பவர் சட்டப்படி அல்லாதவர்தான். ஆனால் அது குற்றமன்று. அதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தண்டிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் அவுஸ்திரேலியா 1954இல் இணைந்தது. அச்சாசனத்தின் 31ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்துக் காரணம் சொல்லும் அகதியை, அவர் வந்த விதத்துக்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது. துரத்தப்படுகிறவனிடம் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பதில் பொருளில்லை என்பது அன்று, உலகப் போரின் நினைவு ஆறாத காலத்தில், எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

அந்த 'நேராக' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் பிற்காலத்தில் பெரிய வாதமே நடந்தது. ஆப்கானியர் இந்தோனேசியா வழியாக வருகிறார்கள், ஆகவே அவர்கள் நேராக வந்தவர்கள் அல்லர் என்றது அரசு. இந்தோனேசியாவும் மலேசியாவும் அந்தச் சாசனத்தில் கையெழுத்திடாத நாடுகள், அங்கே அகதிக்கு வேலை செய்யவோ நிலையாகத் தங்கவோ உரிமை கிடையாது என்பதை அந்த வாதம் கண்டுகொள்ளவில்லை. (இந்தியாவும் கையெழுத்திடவில்லை. நம் மக்கள் நாற்பது ஆண்டுகளாக முகாமில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு.) சரி, நேராக வந்தால் கதை வேறாகிவிடுமா? 2013 ஏப்ரலில் 66 இலங்கையர்களோடு ஒரு மீன்பிடிப் படகு மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் துறைமுகத்துக்குள்ளேயே பட்டப்பகலில் வந்து நின்றது. துறைமுகத்து உணவகங்களில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நியூசிலாந்துக்குப் போக விரும்புகிறோம் என்று எழுதிய பலகை ஒன்றைப் படகில் பிடித்திருந்தார்கள். அவர்களில் பலர் சில வாரங்களுக்குள்ளாகவே கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2001இல் இந்துப் பெருங்கடலிலுள்ள தங்கள் கிறிஸ்மஸ் தீவையும் கொக்கோஸ் தீவுகளையும் குடிவரவு எல்லையிலிருந்து விலக்கி வைத்தவர்கள், இப்போது படகில் வருவோரைப் பொறுத்தவரை முழு அவுஸ்திரேலியக் கண்டத்தையுமே அந்த எல்லையிலிருந்து விலக்கினார்கள். ஒரு நாடு தன்னையே தன் நாட்டுக்கு வெளியே வைத்துக்கொண்ட விந்தை அது. கடற்கரையில் காலூன்றி நின்றாலும் நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.

இனி வரிசை. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பழக்கமான சொல் அதுதான். ரேஷன் கடையில் இருப்பதைப்போல அகதிகளுக்கும் எங்கோ ஒரு வரிசை இருக்கிறது, பொறுமைசாலிகள் அதில் நிற்கிறார்கள், பணக்காரர்கள் ஏஜென்டுக்குக் காசு கொடுத்து முந்துகிறார்கள் என்ற படத்தை அந்தச் சொல் மனத்தில் வரைந்துவிடுகிறது. உண்மையில் சாசனத்தின் வரையறைப்படி சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. வவுனியாவில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வரிசையில் நிற்க முடியாது. வெளியே போய் ஐ.நா. அகதிகள் முகவரகத்தில் பதிந்தாலும், உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட ஓராண்டில் மூன்றாம் நாட்டில் குடியேற இடம் கிடைப்பதில்லை. யாருக்குக் கிடைக்கும் என்பதை முதலில் வந்தவர் முதலில் என்ற கணக்கு தீர்மானிப்பதும் இல்லை.

வரிசையைப் பற்றி அதிகம் பேசிய அரசே அந்த வரிசையை மூடியது என்பது பலருக்குத் தெரியாது. 2014 ஜூலை 1 முதல் இந்தோனேசியாவில் ஐ.நா. முகவரகத்தில் பதிபவர்கள் எவரையும் இனி மீள்குடியேற்றப் போவதில்லை என்று அவுஸ்திரேலியா அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. இன்னொரு கணக்கும் உண்டு. 1996 முதல், உள்நாட்டில் வந்து தஞ்சம் கேட்பவருக்கு ஒரு விசா கொடுத்தால், வெளிநாட்டு முகாம்களிலிருந்து அழைக்கும் இடங்களில் ஒன்று குறையும்படி எண்ணிக்கைகள் இணைக்கப்பட்டன. படகில் வந்தவன் முகாமில் இருப்பவனின் இடத்தைப் பறிக்கிறான் என்ற குற்றச்சாட்டு அந்த அளவில் உண்மைதான். ஆனால் அப்படிப் பறிபோகும்படி ஏற்பாடு செய்தது ஒரு நிர்வாக முடிவு. படகுக்காரன் அந்தக் கணக்கை எழுதவில்லை.

படகு வருகைக்கு இந்த நாடு எப்போதும் இப்படி நடுங்கியதில்லை. 1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமியர்களோடு ஒரு சிறு படகு டார்வினுக்கு வந்தது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளில் 2,000 பேர் அளவில் வந்தார்கள். அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் மல்கம் ஃபிரேசரின் லிபரல் அரசு தென்கிழக்காசிய நாடுகளோடு பேசி, முகாம்களிலிருந்தே பல்லாயிரம் பேரை விமானத்தில் அழைத்துவந்தது. பாதுகாப்பான வழி திறந்ததும் படகுக்குத் தேவை குறைந்தது. இங்கே கவனியுங்கள்: கதவைத் திறந்தது வலதுசாரிக் கட்சி. 1992இல் விசா இல்லாமல் வருவோரைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது போல் கீட்டிங்கின் தொழிற்கட்சி. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கட்சிப் பெயரை வைத்துப் பிரிக்க நினைப்பவர்கள் இந்த விவகாரத்தில் அடிக்கடி ஏமாறுவார்கள்.

எல்லாம் திரும்பிய ஆண்டு 2001. ஆகஸ்ட் மாதம் மூழ்கும் படகொன்றிலிருந்து 430க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் ஹசாரா என்ற ஆப்கானியச் சிறுபான்மை இனத்தவரை, டம்பா என்ற நோர்வே சரக்குக் கப்பல் காப்பாற்றிக் கிறிஸ்மஸ் தீவை நோக்கி வந்தது. ஜோன் ஹவார்டின் அரசு கப்பலை உள்ளே விட மறுத்து, சிறப்புப் படையினரைக் கப்பலில் ஏற்றியது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் பசிபிக் கடலின் குட்டித் தீவு நாடான நவுருவுக்கும் ஒரு பகுதியினர் நியூசிலாந்துக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். 'பசிபிக் தீர்வு' என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. அக்டோபரில், அகதிகள் தங்கள் பிள்ளைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள், படங்களையும் காட்டினார்கள். அந்தப் படங்கள் படகு மூழ்கியபோது கடற்படையினர் மக்களைக் காப்பாற்றும் படங்கள். எவரும் எந்தப் பிள்ளையையும் வீசவில்லை என்று பிறகு செனட் விசாரணை கண்டது. ஆனால் அது வெளியானபோது நவம்பர் தேர்தல் முடிந்திருந்தது. இந்த நாட்டுக்கு யார் வரவேண்டும், எந்தச் சூழலில் வரவேண்டும் என்பதை நாமே தீர்மானிப்போம் என்ற ஹவார்டின் பேச்சு அந்தத் தேர்தலின் மந்திரமாகியிருந்தது. அதே அக்டோபர் 19ஆம் தேதி இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ஒரு படகு மூழ்கி 353 பேர் இறந்தார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள். வீசப்படாத பிள்ளைகளைப் பற்றி நாடு பேசிய அளவுக்கு, மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அந்தப் பக்கத்தின் வலுவான வாதம் இதுதான்.

2008இல் தொழிற்கட்சி அரசு நவுரு முகாமை மூடியது. அதன்பின் படகுகள் கூடின. இலங்கையில் போரின் முடிவும் ஆப்கானிஸ்தானின் நிலையும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் கதவு திறந்தது என்ற செய்தி ஏஜென்டுகளுக்கு நல்ல விளம்பரமாயிற்று என்பதையும் மறுக்க முடியாது. 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து 6,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2013இல் எல்லா நாட்டவருமாக 20,000க்கும் மேல். அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,200 பேர் கடலில் இறந்தார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதிச் சிதறியதைத் தீவுவாசிகள் கரையில் நின்று பார்த்தார்கள். உயிர்காப்பு அங்கிகளைத் தூக்கி வீசுவதைத் தவிர அவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. 50 பேர் அளவில் இறந்தார்கள். என்ன செய்தாலும் படகுகள் வந்துகொண்டுதான் இருக்கும், கொள்கை எதையும் மாற்றாது என்று அகதிகளுக்காகப் பேசும் என் தரப்பு நண்பர்கள் அப்போது மேடைகளில் சொன்னார்கள். அது தவறு. 2014க்குள் படகுகள் ஏறத்தாழ நின்றன.

ஆனால் எது நிறுத்தியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்டில் நவுருவையும் பாப்புவா நியூகினியின் மானுஸ் தீவையும் மறுபடி திறப்பதாக அறிவித்தார்கள். அதற்கு அடுத்த பதினொரு மாதங்களில் வந்த கூட்டம் முன்னெப்போதும் இல்லாதது. ஆகவே தீவு முகாம் என்ற மிரட்டல் மட்டும் எவரையும் தடுக்கவில்லை. 2013 ஜூலை 19 அன்று பிரதமர் கெவின் ரட், இனிப் படகில் வரும் எவரும் ஒருபோதும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்றார். எண்ணிக்கை விழத் தொடங்கியது. செப்டெம்பரில் டோனி அபொட் பதவிக்கு வந்ததும் 'இறைமை எல்லை நடவடிக்கை' தொடங்கிற்று. கடற்படை படகுகளை மறித்துத் திருப்பியது. பழைய படகு தாங்காவிட்டால், செம்மஞ்சள் நிறத்தில் மூடிய உயிர்காப்புப் படகுகளை விலைக்கு வாங்கி, அதில் ஆட்களை ஏற்றி ஜாவாக் கரையை நோக்கி விட்டார்கள். சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட படகுகளும் 800 பேர் அளவிலும் திருப்பப்பட்டார்கள். கடலை மூடியது இதுதான் என்பது என் கணிப்பு.

அப்படிக் கடல் மூடப்பட்ட பிறகு, ஏற்கெனவே தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட 3,000க்கும் மேற்பட்டவர்களை ஏன் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வைத்திருந்தார்கள்? அவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையான அகதிகள் என்று முறைப்படி முடிவான பிறகும்? கொக்கு செத்தால் அதை வயலில் தொங்கவிட்டு மற்றக் கொக்குகளை விரட்டுவார்களே, அந்தக் கணக்கு. 2014இல் அரசு அமைத்த தணிக்கை ஆணையமே, தீவில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க 4,00,000 டொலருக்கு மேல் செலவாகிறது, தற்காலிக விசாவில் வெளியே விட்டால் 40,000 போதும் என்று சொன்னது. மானுஸ் முகாம் தங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று பாப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்தவர்களுக்கு அவுஸ்திரேலியா 7 கோடி டொலர் இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 150 பேரை எடுக்கிறோம் என்று நியூசிலாந்து 2013இலேயே சொன்னதை ஏற்க 2022 ஆயிற்று. சாவைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இந்தக் கணக்கைத்தான். படகைத் திருப்புவதற்கு ஒரு வாதம் இருக்கிறது. நான் ஏற்காவிட்டாலும் அதை மதிக்கிறேன். தீவில் மனிதரை அழுகவிடுவதற்கு அந்த வாதத்தைக் கடன் வாங்க முடியாது.

அபொட் அரசு 2015இல் சிரிய, ஈராக்கிய அகதிகளுக்கு 12,000 கூடுதல் இடங்களை அறிவித்தது. எல்லை கட்டுப்பாட்டில் இருந்ததால்தான் மக்கள் அதை ஏற்றார்கள் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதே ஆண்டு மே மாதம் அந்தமான் கடலில் ஆயிரக்கணக்கான ரோஹிங்கியர் உணவின்றி மிதந்தபோது, அவர்களில் சிலரை எடுப்பீர்களா என்ற கேள்விக்கு அபொட் 'இல்லை' என்பதை மூன்று முறை சொன்னார். அவர்களைக் கரைக்கு இழுத்துவந்தவர்கள் இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள். அடுத்த ஆண்டு அதே ஆச்சேக் கரையில் நம்மவர்கள், இலங்கைத் தமிழர், 44 பேரின் படகு தட்டி நின்றது. இறங்க முயன்ற பெண்களைத் தடுக்க அதிகாரிகள் எச்சரிக்கை வேட்டுகள் சுட்டார்கள். அந்தப் படகு புறப்பட்டது இந்தியாவிலிருந்து.

இந்த விவாதம் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான்: இதில் வாதங்களைவிட, யார் கண்ணில் படுகிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. எந்த அரசுக்கும் அது நன்றாகத் தெரியும். 2013க்குப் பிறகு படகுகளைப் பற்றிக் கேட்டால் 'கடல்மேல் நடக்கும் விடயங்கள்' என்று சொல்லி அமைச்சர் ஸ்கொட் மொரிசன் பதிலை முடித்துக்கொள்வார். 2015இல் வந்த எல்லைக் காவல் சட்டம், முகாமில் வேலை செய்தவர்கள் உள்ளே கண்டதை வெளியே சொன்னால் இரண்டாண்டுச் சிறை என்றது. மருத்துவர்கள் எதிர்த்த பிறகே அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. முகம் தெரியாமல் எண் மட்டும் தெரிந்தால் மக்கள் எண்ணைத்தான் வெறுப்பார்கள்.

முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவீன்ஸ்லாந்தின் பிலோவீலா சாட்சி. சில ஆயிரம் பேர் வாழும் உள்நாட்டு ஊர், பழைமைக் கட்சிகளுக்கே வாக்களிக்கும் பகுதி. அங்கே வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை, தனித்தனியே படகில் வந்து இங்கே மணந்த பெற்றோரையும் இங்கே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளையும், 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவர்களை இலங்கைக்கு ஏற்றிச்சென்ற விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. அந்த ஊர்க்காரர்கள் நான்காண்டு விடாமல் நின்றார்கள். அவர்களில் பலர் படகுகளைத் தடுக்கும் கொள்கையை ஆதரிப்பவர்கள். ஆனால் 'எங்கள் ஊர்க்காரரை ஏன் பிடிக்கிறீர்கள்' என்று கேட்டார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அதே நிலையில் இருந்த, ஆனால் ஊர் சேர்ந்து குரல் கொடுக்காத எத்தனையோ குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை.

நேர்காணல் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இவர்கள் உண்மையான அகதிகள்தானா என்ற உங்கள் ஐயத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 2012 அக்டோபரிலிருந்து இலங்கையரை மட்டும் குறிவைத்து ஒரு சுருக்க முறை வந்தது. வந்தவரிடம் சில கேள்விகள், வழக்கறிஞர் இல்லை, சில நாட்களில் விமானம். ஏன் வந்தாய் என்று கேட்டால் நம் ஆள் என்ன சொல்வான்? 'அங்கே பிரச்சினை' என்பான். நமக்கு அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் அது பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு போலத் தொனிக்கும். 'வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள்' என்பான். தமிழில் நலம் விசாரிப்பதும் விசாரணைதான், கொழும்புப் போலீஸ் தலைமையகத்தின் நான்காம் மாடியில் கட்டிவைத்துக் கேட்பதும் விசாரணைதான். மொழிபெயர்ப்பாளர் அவசரக்காரராக இருந்தால், ஆட்கள் வந்து அவனைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று கோப்பில் ஏறிவிடும். 'இயக்கத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டினேன்' என்று புலிகளைப் பற்றிச் சொன்னால் ஒரு பக்கம் தஞ்சக் கோரிக்கை வலுக்கும், மறுபக்கம் உளவுத்துறையின் சந்தேகம் வலுக்கும். அகதி என்று ஏற்கப்பட்டும், காரணம் சொல்லப்படாத பாதுகாப்பு மதிப்பீடு பாதகமாக வந்ததால், ஆண்டுக்கணக்கில் தடுப்பில் கிடந்த தமிழர்கள் உண்டு. காலவரையற்ற தடுப்பு செல்லும் என்று 2004இல், இந்த நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று தீர்ப்பளித்திருந்தது. அது புரட்டப்பட 2023 நவம்பர் ஆயிற்று.

வந்தவர்கள் எல்லோருமே துரத்தப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் தொல்லையால் வந்தவரும் உண்டு, மச்சான் போனான் என்று வந்தவரும் உண்டு. அதைப் பிரித்தறியத்தான் விசாரணை. முறையாக விசாரித்த ஆண்டுகளில், படகில் வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வரை அகதிகளே என்று முடிவாயிற்று. விமானத்தில் வந்து தஞ்சம் கேட்டவர்களைவிட இது அதிகம். விமானத்தில் வந்தவர்களைப் பற்றி எவரும் தேர்தல் முழக்கம் எழுதவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: நம் சமூகத்துக்குள்ளேயே எண்பதுகளில் மாணவ விசாவிலும் தொழில் விசாவிலும் வந்து வீடு வாசலோடு இருப்பவர்களில் சிலர், 'படகில் வந்ததுகள்' என்று அஃறிணையில் பேசுவதை நான் திருமண மண்டபங்களில் கேட்டிருக்கிறேன்.

இனி உங்கள் மாணவனுக்கு. அவனிடம் 2014இல் நடந்ததைச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் படகும் இந்தியாவிலிருந்துதான், புதுச்சேரியிலிருந்து, புறப்பட்டது. 157 தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். ஜூன் இறுதியில் கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே அவர்களைச் சுங்கக் கப்பலில் ஏற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தக் கப்பலிலேயே, சன்னல் இல்லாத அறைகளில், நாளின் பெரும்பகுதி பூட்டிவைத்து, இந்தியாவை நோக்கிக் கொண்டுபோனார்கள். உயிர்காப்புப் படகுகளை ஓட்டி நீங்களே கரை சேருங்கள் என்று அவர்களில் சிலரிடம் சொல்லப்பட்டது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. வழக்கு வந்த பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க மறுத்தபோது, இரவோடிரவாக நவுருவுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் கடலில் தடுத்து வைத்தது சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, வழக்குப் போட்டுக் காப்பாற்றுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னால், வழக்கு ஏற்கெனவே நடந்துமுடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆட்சி மாறிவிட்டதே, தொழிற்கட்சி இரக்கப்படும் என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பான். 2022 மே மாதம் தேர்தல் நாளிலேயே இலங்கைப் படகொன்று மறிக்கப்பட்டது. புதிய அரசு அதே கையோடு அதில் வந்தவர்களை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் குடிவரவுச் சட்டத்தை மீறி வெளியேறியதற்காக நீதிமன்றம் ஏற வேண்டும். படகில் வருபவர் ஒருபோதும் இங்கே குடியேற முடியாது என்ற 2013 ஜூலை விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முகாமில் பிறந்த உங்கள் மாணவனுக்கு இதில் இன்னொரு சிக்கல். அவனிடம் இந்தியக் குடியுரிமை இல்லை, இலங்கைக் குடியுரிமை பதிவாகியிருக்கிறதா என்பதும் கேள்வி. திருப்பி அனுப்ப எந்த நாடு ஏற்கும் என்று தெரியாதவனைத்தான் தடுப்பில் மிக நீண்ட காலம் வைத்திருப்பார்கள். அவனுடைய பெற்றோர் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பதியாவிட்டால், எங்கே போவதாக இருந்தாலும், அல்லது எங்கும் போகாவிட்டாலும், முதலில் முடிக்க வேண்டிய வேலை அதுதான்.

அப்படியும் இங்கே வந்தவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், முகநூலில் கார் படம் போடுகிறார்களே என்று அவன் கேட்கக்கூடும். 2012 ஆகஸ்டுக்கும் 2013 முடிவுக்கும் இடையில் வந்து, தீவுக்கு அனுப்பப்படாமல் தப்பியவர்களுக்கு 2014இல் 'விரைவு நடைமுறை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறுபரிசீலனை பெரும்பாலும் காகிதத்தில் மட்டும், ஆளைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அதில் வென்று தற்காலிக விசாவில் இருந்த 19,000 பேர் அளவிலானவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர வழி திறந்தது. தோற்றவர்களுக்கு, அவர்களில் கணிசமானோர் தமிழர், திறக்கவில்லை. அந்த மறுபரிசீலனை அமைப்பையே 2024இல் நியாயமற்றது என்று கலைத்துவிட்டார்கள். அது கொடுத்த தீர்ப்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கார் படம் போடுகிறவர், பத்தாண்டுக்கு மேலாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிட்ஜிங் விசா என்ற இடைக்காலத் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவராக இருக்கலாம். தாய் இறந்தால் ஊருக்குப் போக முடியாது. போனால் திரும்ப வர முடியாது. சிறுவனாக வந்தவன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கட்ட முடியாமல் கூலி வேலைக்குப் போயிருக்கலாம்.

உங்கள் மாணவன் விரும்பினால் என்னோடு பேசட்டும். ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டானா என்பதை மட்டும் மெதுவாகக் கேட்டு எழுதுங்கள். கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுவதற்காகவே அவன் படகேறிவிடக் கூடும், முன்பும் அப்படிச் சிலர் ஏறியிருக்கிறார்கள்.